நாக்குக்கு ஐந்து, மூக்குக்கு நானூறு

போடிநாயக்கனூர் ஏலக்காய் ஏலத்தில் விலை கணினித் திரையில் ஓடும். தரத்தைச் சொல்வது மட்டும் இன்னும் விரலும் மூக்கும்தான். சரக்கின் மாதிரி மேசைக்கு வந்ததும், பச்சை வெளுத்திருக்கிறதா, எட்டு எம்.எம். தேறுமா, காய் திரட்சியாக இருக்கிறதா என்று வியாபாரியின் கண் பார்க்கும். கை எடை பார்க்கும். அடுத்து ஒரு காயை நகத்தால் பிளந்து மூக்கருகே கொண்டுபோவார். கற்பூரம்போல் சில்லென்று ஏறுவது 1,8-சினியோல். அதன் பின்னாலேயே இனிப்பாக, பூ வாசமாக வருவது டெர்பினைல் அசிட்டேட். ஏலக்காய் எண்ணெயில் பெரும்பகுதி இந்த இரண்டும்தான். அவற்றின் பெயர் அந்த வியாபாரிக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஆனால் இந்தக் காய்க்குக் கிலோவுக்கு எவ்வளவு வரை போகலாம் என்று அவர் மூக்கு சொல்லிவிடும்.

ஸ்காட்லாந்தில் விஸ்கிக் கலவை நிபுணர்கள் பார்க்கும் வேலையும் இதே வகைதான். பீப்பாய் பீப்பாயாக மாதிரி எடுத்து, தண்ணீர் கலந்து ஆல்கஹாலைச் சுமார் 20 சதவீதத்துக்கு இறக்கி, முகர்ந்து பார்த்தே பெரும்பாலான முடிவுகளை எடுக்கிறார்கள். வாயில் வைப்பது அபூர்வம். விழுங்குவது அதிலும் அபூர்வம்.

நம் ஊர் மதுக்கடையை ஒட்டிய பாரில் நடப்பது இதற்கு நேர் எதிர். குவார்ட்டரைப் பிளாஸ்டிக் டம்ளரில் ஊற்றி, தண்ணீரோ சோடாவோ கலந்து, மூச்சை அடக்கி ஒரே மடக்கு. முகம் சுளிக்கும், உடனே ஊறுகாய். மூச்சை அடக்குவது ஏன்? அந்த நெடி தெரியக் கூடாது என்பதற்காக. அதாவது, விஸ்கியை விஸ்கியாக்குவது எதுவோ அதைக் கவனமாகத் தவிர்த்துவிட்டு, எஞ்சும் எத்தனாலை மட்டும் உள்ளே அனுப்புகிறோம்.

விஸ்கி ரசனை என்பது பணக்காரர் வீட்டுக் கண்ணாடி அலமாரிச் சமாச்சாரம் என்றுதான் பலரும் நினைக்கிறோம். உண்மையில் அது மூக்குக்குக் கொடுக்கும் பயிற்சி. அந்தப் பயிற்சிக்கு வேண்டிய வாசனைகளில் பெரும்பாலானவை கம்பம் பள்ளத்தாக்கிலேயே விளைகின்றன. மூலக்கூறு மூலக்கூறாகவே அதைக் காட்டலாம்.

மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரு திராட்சை

முதல் சோதனைக்கு விஸ்கி வேண்டாம். கம்பம் பன்னீர் திராட்சை ஒரு கொத்து போதும். மஸ்கட் ஹாம்பர்க் என்னும் இந்த ரகத்தைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தவர் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார். ஆண்டு 1832 என்பார்கள். ஆனைமலையன்பட்டி, காமயகவுண்டன்பட்டி, ராயப்பன்பட்டி, சுருளிப்பட்டி என்று பந்தல் பந்தலாகப் பரவிய இந்தத் திராட்சை 2023-இல் புவிசார் குறியீடும் பெற்றது.

மூக்கை இரண்டு விரலால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு பழத்தை வாயில் போட்டு மெல்லுங்கள். இனிப்பு இருக்கும், புளிப்பு இருக்கும், தோலின் துவர்ப்பு இருக்கும். அவ்வளவுதான். சர்க்கரைத் தண்ணீரில் எலுமிச்சை பிழிந்ததற்கும் இதற்கும் பெரிய வேற்றுமை தெரியாது. இப்போது, விழுங்குவதற்கு முன், விரலை எடுங்கள். தொண்டைக்குப் பின்னாலிருந்து பன்னீர் வாசம் குப்பென்று எழும். பழம் அப்படியே இருக்கிறது, நாக்கும் அதேதான். மூக்கின் கதவு மட்டும் திறந்திருக்கிறது.

வாயின் பின்பக்கம் மூக்கோடு இணைந்திருக்கிறது. மெல்லும்போதும் விழுங்கும்போதும் மணமூட்டும் மூலக்கூறுகள் மூச்சோடு சேர்ந்து பின்வழியாக மூக்கின் கூரைக்கு ஏறுகின்றன. அங்கே அஞ்சல்தலை அளவுப் பரப்பில் மணம் உணரும் நரம்பு செல்கள் காத்திருக்கின்றன. நாக்குக்குத் தெரிந்தவை இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, உமாமி என ஐந்து. மூக்கிலோ சுமார் 400 வகை மண ஏற்பிகள். இந்த ஏற்பிகளை உருவாக்கும் பெரிய மரபணுக் குடும்பத்தை 1991-இல் கண்டறிந்தவர்கள் லிண்டா பக்கும் ரிச்சர்ட் ஆக்செலும். 2004-இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

ஓர் ஏற்பிக்கு ஒரு வாசனை என்று கணக்கு இல்லை. ஒரே மூலக்கூறு பல ஏற்பிகளைத் தட்டும். ஒரே ஏற்பி பல மூலக்கூறுகளுக்கு அசையும். எந்தெந்த ஏற்பிகள் சேர்ந்து அசைகின்றன என்ற சேர்க்கையைத்தான் மூளை வாசனையாகப் படிக்கிறது. அந்தச் சேர்க்கைக்கு ஒரு பெயரை ஒட்டிவைத்தால் அடுத்த முறை சட்டென்று பிடிபடும். பெயர் இல்லையென்றால், “எங்கேயோ முகர்ந்திருக்கிறேனே” என்பதோடு நின்றுபோகும். ரசிகர்கள் குறிப்பேடு வைத்துக்கொண்டு எழுதுவது பந்தாவுக்காக மட்டும் அல்ல; மூக்குக்கும் சொல்லுக்கும் முடிச்சுப் போடுகிறார்கள்.

மூச்சை அடக்கிக் குடிப்பவர் இந்தப் பின்வழியை அடைத்துவிடுகிறார். அவருக்கு மிஞ்சுவது நாக்கின் கசப்பும் எரிச்சலும் மட்டுமே. அந்த எரிச்சல் சுவையும் அல்ல, மணமும் அல்ல. மிளகாய்க் காரத்தை மூளைக்குச் சொல்லும் வலி நரம்புகள்தான் எத்தனாலின் எரிச்சலையும் சொல்கின்றன.

பாட்டிலுக்குள் தானியமா, கரும்பா?

வாங்கப் போகும் இடத்தில் தொடங்குவோம். 1983-இல் தொடங்கப்பட்ட டாஸ்மாக் நிறுவனம், 2003 முதல் தமிழ்நாட்டின் சில்லறை மது விற்பனையையும் தன் கையில் வைத்திருக்கிறது. பெரும்பாலான கடைகளில் கம்பி வலைக்கு வெளியே நின்று விலையைச் சொல்லி வாங்குவதே வழக்கம். எடுத்துப் பார்க்கவோ, முகர்ந்து பார்க்கவோ வழியில்லை. ஆகவே முன்கூட்டியே லேபிளைப் படிக்கத் தெரிந்திருப்பதுதான் வாங்குபவரின் ஒரே ஆயுதம்.

இந்தியாவில் விற்கும் சாதாரண விஸ்கியின் அடிப்படை பெரும்பாலும் தானியம் அல்ல, கரும்பு. வைகை அணைக்குப் பக்கத்தில் வரதராஜ் நகர்ச் சர்க்கரை ஆலையில் கரும்பு அரைபடுவதைத் தேனிக்காரர்கள் அறிவார்கள். எந்தச் சர்க்கரை ஆலையிலும் சர்க்கரை பிரித்தெடுத்த பின் மிஞ்சும் கரிய பாகுதான் மொலாசஸ். அதை நொதிக்கவைத்து, உயர்ந்த கோபுரக் கலன்களில் திரும்பத் திரும்ப வடித்தால் 96 சதவீத ஆல்கஹால் கிடைக்கும். தொழிலில் அதை இ.என்.ஏ. என்பார்கள். அதன் பெருமையே அதில் மணம் இல்லாமைதான். இந்த மணமற்ற சாராயத்தில் கொஞ்சம் மால்ட் சாராயம், கருக்கிய சர்க்கரை நிறம், மணப்பொருள் சேர்த்துத் தண்ணீரால் இறக்கினால் விஸ்கி. இதற்கு இந்திய விதிகள் இடம் தருகின்றன. ஐரோப்பாவில் இதே பாட்டிலில் விஸ்கி என்ற பெயரை அச்சிட முடியாது. அங்கே விஸ்கி என்றால் தானியத்திலிருந்து வடித்திருக்க வேண்டும். 700 லிட்டருக்கு மிகாத மரப் பீப்பாயில் குறைந்தது மூன்று ஆண்டுகள் இருந்திருக்க வேண்டும். பாட்டிலில் 40 சதவீதத்துக்குக் குறையக் கூடாது.

லேபிளில் 42.8 என்ற விசித்திர எண்ணைப் பார்த்திருப்பீர்கள். அது பிரிட்டிஷ் காலத்து வால். அவர்களின் அளவுமுறையில் சுமார் 57 சதவீத ஆல்கஹாலுக்கு 100 புரூஃப் என்று பெயர். அந்த வலுவுள்ள சாராயத்தில் நனைத்த வெடிமருந்து தீப்பிடிக்கும் என்பது அதன் பழங்கதை. அதிலிருந்து 25 பாகை குறைத்தால் 75 புரூஃப், சதவீதத்தில் 42.8. பிரிட்டனே கைவிட்ட இந்தக் கணக்கை நம் குவார்ட்டர் பாட்டில் இன்னும் சுமக்கிறது.

‘சிங்கிள் மால்ட்’ என்று எழுதியிருந்தால் கதை வேறு. ஒரே ஆலையில், முளைகட்டிய வாற்கோதுமையிலிருந்து மட்டும் வடித்தது என்று பொருள். குழந்தைக்குக் கேழ்வரகை முளைகட்டிக் காயவைத்து மாவாக்குகிறோமே, மால்ட்டும் அதே வித்தைதான். விதை முளைவிடும்போது அமைலேஸ் நொதிகள் விழித்தெழுந்து மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கத் தயாராகின்றன. சரியான தருணத்தில் சூடு காட்டி முளையை நிறுத்தி, அரைத்து, வெந்நீரில் ஊறவைத்தால் இனிப்புச் சாறு கிடைக்கும். அதை ஈஸ்ட் நொதிக்கவைக்கும். செம்புக் கலத்தில் இரண்டு முறை வடித்தால் சுமார் 70 சதவீதத்தில் தண்ணீர்போல் நிறமற்ற சாராயம் வரும். செம்பு வேடிக்கைக்கு இல்லை; அழுகல் நாற்றம் தரும் கந்தகச் சேர்மங்களை அது பிடித்துவைத்துக்கொள்கிறது. முதலில் வரும் ‘தலை’யையும் கடைசியில் வரும் ‘வாலை’யும் ஒதுக்கி, நடுவில் வருவதை மட்டும் பீப்பாயில் நிரப்புவார்கள்.

வாழை, பன்னீர், தேங்காய், வெந்தயம்

சிங்கிள் மால்ட் பாட்டிலின் பின்பக்கக் குறிப்பில் ஹீதர் பூ, எல்டர்பெர்ரி, ஓட்ஸ் பிஸ்கட் என்றெல்லாம் எழுதியிருப்பார்கள். சின்னமனூர்க்காரர் ஹீதர் பூவுக்கு எங்கே போவார்? போக வேண்டியதே இல்லை. அந்தக் குறிப்பை எழுதியவர் தன் ஊர்த் தோட்டத்திலிருந்து பெயர் எடுத்தார். நாம் நம் ஊர் மண்டியிலிருந்து எடுக்கலாம். மூலக்கூறுக்கு ஊர் கிடையாது.

வாழையில் தொடங்குவோம். பழுத்த வாழைத்தாரின் அருகே நின்றால் வருகிற இனிப்பு மணத்தில் முதன்மையானது ஐசோஅமைல் அசிட்டேட். விஸ்கிக்கான சாறு நொதிக்கும்போது ஈஸ்ட் செல்கள் இதே மூலக்கூறைச் செய்கின்றன. ஆல்கஹாலும் அமிலமும் கைகோத்தால் பிறக்கும் இந்தச் சேர்மங்களுக்கு எஸ்டர் என்று பெயர். ஒன்று வாழைப்பழமாக மணக்கும், எத்தில் ஹெக்சனோயேட் ஆப்பிளாக மணக்கும். இளம் விஸ்கியில் பழ வாசம் தூக்கலாக இருப்பதற்குக் காரணம் இவைதான். எந்தப் பழமும் சேர்க்கவில்லை; ஈஸ்ட் சேர்த்தது.

அடுத்து நம் பன்னீர் திராட்சை. அதன் வாசத்துக்கு லினலூல், ஜெரானியால் போன்ற டெர்பீன்கள் பொறுப்பு. இவற்றில் கணிசமான பங்கு தோலில் இருக்கிறது. அதனால் தோலைத் துப்பிவிட்டுச் சதையை மட்டும் விழுங்குபவர் பாதிப் பன்னீரைத் துப்பிவிடுகிறார். பன்னீரே ரோஜாவிலிருந்து வருவதுதான். அந்த ரோஜாவின் மணத்தில் ஃபீனைல் எத்தனால் என்ற மூலக்கூறுக்குப் பெரிய பங்கு உண்டு. அதை ஈஸ்ட், தானியத்திலுள்ள அமினோ அமிலம் ஒன்றிலிருந்து தானே செய்துகொள்கிறது. விஸ்கியில் மெல்லிய ரோஜா தட்டுப்பட்டால் அது கற்பனை அல்ல.

புகைக்கு வருவோம். ஸ்காட்லாந்தின் ஐலா தீவில், முளைகட்டிய வாற்கோதுமையைச் சதுப்புநிலத்தில் வெட்டியெடுத்த பீட் என்னும் மட்கிய எரிபொருளின் புகையில் உலர்த்துவார்கள். புகையிலுள்ள குவாயகால், கிரசால் போன்ற ஃபீனால்கள் தானியத்தில் ஒட்டிக்கொள்கின்றன. வடித்த பின்னும் விடுவதில்லை. முதல் முறை முகர்பவர்கள் ஆஸ்பத்திரி வாடை என்று முகத்தைத் திருப்பிக்கொள்வதும் நியாயமே. பழைய கிருமிநாசினிகள் இதே ஃபீனால் குடும்பத்தைச் சேர்ந்தவை. இதற்குப் பழக விரும்புகிறவருக்கு மலைக் காப்பிக் கொட்டையே பள்ளிக்கூடம். கொட்டையைக் கறுக்க வறுக்கும்போதும் குவாயகால் உருவாகிறது. புதிதாக அரைத்த காப்பித் தூளை மூடியைத் திறந்து முகர்ந்துவிட்டு, அடுத்துப் புகை விஸ்கியை முகருங்கள். இரண்டுக்கும் பொதுவான ஓர் இழை கையில் சிக்கும்.

பெரிய மாயம் நடப்பது பீப்பாயில். ஓக் மரத்தின் உட்புறத்தை நெருப்பால் வாட்டியோ கருக்கியோ பீப்பாய் செய்கிறார்கள். அந்தச் சூட்டில் மரத்தைக் கட்டிவைத்திருக்கும் லிக்னின் உடைந்து வெனிலின் பிறக்கிறது. வெனிலா ஐஸ்கிரீமில் மணப்பதும் இதே மூலக்கூறு. மரம் யூஜினாலையும் தருகிறது; அது கிராம்பின் உயிர்நாடி. அமெரிக்க வெள்ளை ஓக் தாராளமாகத் தருவது விஸ்கி லாக்டோன். பெயரே விஸ்கி, வாசம் என்னவோ தேங்காய். நம் தேங்காய்க்கு மணம் தருபவையும் லாக்டோன் குடும்பத்தின் வேறு உறுப்பினர்கள்தான். எனவே போர்பன் என்னும் அமெரிக்க விஸ்கி இருந்த பழைய பீப்பாயில் முதிர்ந்த மால்ட்டில் கொப்பரை வாசம் அடித்தால் வியப்படைய ஒன்றுமில்லை.

கடைசியாக, எவரும் எதிர்பார்க்காத ஒன்று: வெந்தயம். வெந்தயத்தை வாணலியில் வறுக்கும்போது எழும் அந்தப் பாகு வாசத்துக்குக் காரணம் சோட்டலான். வெந்தயம் நிறையச் சாப்பிட்டவரின் வேர்வையில் மறுநாளும் மணப்பது அதுவே. பழைய ஷெரி ஒயினிலும் முதிர்ந்த ரம்மிலும் இதே சோட்டலான் இருக்கிறது. ஷெரி இருந்த பீப்பாயில் முதிர்ந்த விஸ்கியில் உலர்திராட்சை, பாகு என்று வெள்ளைக்காரர் எழுதும் இடத்தில், நம் மூக்கு வறுத்த வெந்தயம் என்று தயங்காமல் எழுதலாம். பல நேரங்களில் அதுவே துல்லியமான குறிப்பு.

கம்பத்தில் ஒரு பீப்பாய், மேகமலையில் ஒரு பீப்பாய்

விஸ்கி வாங்குபவர்களை அதிகம் ஏமாற்றும் எண், லேபிளில் உள்ள வயது. 12 ஆண்டு, 18 ஆண்டு என்றால் உயர்ந்தது என்று மனம் தானாக முடிவுகட்டிவிடும். எந்த ஊரில் முதிர்ந்தது என்று கேட்காமல் அந்த எண்ணுக்குப் பொருளே இல்லை.

மரம் மூச்சுவிடும். சூட்டில் விஸ்கி விரிந்து மரத்துக்குள் புகும். குளிரில் சுருங்கி வெளியே வரும். ஒவ்வொரு முறையும் மரத்தின் சத்தை இழுத்து வரும். கூடவே கொஞ்சம் ஆவியாகிப் போகும். அதைத் தேவதைகளின் பங்கு என்கிறார்கள் அத்தொழிலில் இருப்பவர்கள். ஸ்காட்லாந்தின் தேவதைகள் ஆண்டுக்குச் சுமார் 2 சதவீதத்தோடு திருப்தி அடைகின்றன. பெங்களூருத் தேவதைகளுக்கு 10 சதவீதத்துக்கும் மேல் வேண்டும். 200 லிட்டர் பீப்பாய் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஸ்காட்லாந்தில் 12 ஆண்டு கழித்தும் சுமார் 157 லிட்டர் மிஞ்சும். பெங்களூரில் மூன்றே ஆண்டில் 146 லிட்டருக்கு வந்துவிடும். எட்டு ஆண்டு விட்டுவைத்தால் 86.

அந்தப் பெங்களூரிலிருந்துதான் அம்ருத் நிறுவனம் 2004-இல் தன் சிங்கிள் மால்ட்டைக் கொண்டுபோய், வேறெங்கும் இல்லாமல் கிளாஸ்கோவிலேயே அறிமுகம் செய்தது. இந்திய வாற்கோதுமையையும் ஸ்காட்லாந்தின் புகையூட்டிய வாற்கோதுமையையும் இணைத்த அதன் ஃபியூஷன் விஸ்கிக்கு, விஸ்கி விமர்சகர் ஜிம் மரே தன் 2010-ஆம் ஆண்டு விஸ்கிக் கையேட்டில் உலகின் மூன்றாம் இடம் கொடுத்தார். கோவாவின் பால் ஜான், ஹரியானாவின் இந்திரி என்று வரிசை நீண்டது. இவற்றின் லேபிளில் பெரும்பாலும் வயதே இருக்காது. ஐந்து ஆண்டு என்று போட்டால் கடைக்காரரின் பார்வையில் குழந்தை. மரத்திலிருந்து எடுத்த சாரத்தில் அது ஸ்காட்லாந்தின் வயோதிகருக்குச் சமம்.

நம் தேனி மாவட்டத்தில் இதையே ஒரு கற்பனைச் சோதனையாகச் செய்து பார்க்கலாம். ஒரே நாளில் நிரப்பிய இரண்டு பீப்பாய்கள். ஒன்று கம்பத்தில், இன்னொன்று சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் மேகமலைத் தேயிலைத் தோட்டத்தில். மேகமலையின் காற்று எந்நேரமும் ஈரம் சுமந்தது. ஈரக்காற்றுக்குள் தண்ணீர் ஆவியாகப் போக இடமில்லை. ஆல்கஹால்தான் கூடுதலாக வெளியேறும். ஆண்டு செல்லச்செல்ல வலு குறையும். ஸ்காட்லாந்திலும் இதே கதைதான். பள்ளத்தாக்கிலோ மழை மறைவுப் பிரதேசத்தின் உலர்ந்த சூடு. ஜூன் முதல் செப்டம்பர் வரை மேல்காற்று விடாமல் அடிக்கும். ஆண்டிபட்டி, கண்டமனூர்ப் பக்கம் காற்றாலைகளைச் சுற்றவைக்கும் காற்று அது. அந்த வறண்ட காற்றில் தண்ணீர் ஆல்கஹாலை முந்திக்கொண்டு ஓடும். பீப்பாயின் மட்டம் இறங்க இறங்க, மிஞ்சியதன் வலு ஏறவும் கூடும்.

அப்படியானால் சூடான ஊர் காலத்தை வென்றுவிட்டதா? பாதி வென்றது. மரத்திலிருந்து வெனிலினும் துவர்ப்பும் விரைவாக இறங்குகின்றன. ஆனால் பீப்பாய்க்குள் ஆக்சிஜன் மெல்ல நுழைந்து முரட்டு மூலக்கூறுகளைச் சாந்தப்படுத்தும் வேலை அதே வேகத்தில் ஓடுவதில்லை. அளவு தப்பினால் விஸ்கியில் மரக்கட்டைத் துவர்ப்பு ஏறிவிடும். எப்போது எடுக்க வேண்டும் என்பதுதான் வெப்ப நாட்டுக் கலைஞரின் திறமை. வாங்குபவருக்கு இதிலுள்ள பாடம்: வயதை ஊரோடு சேர்த்தே படியுங்கள்.

கோப்பை, தண்ணீர், பொறுமை

பாட்டில் வீட்டுக்கு வந்துவிட்டது. இனிக் கவனிக்க வேண்டியது கோப்பை. அகல வாய் டம்ளரில் ஊற்றினால் மணம் அறை முழுக்கப் பரவும், மூக்குக்குக் கிடைக்காது. அடி அகன்று வாய் குறுகிய கோப்பையில் ஆவி கூடிநிற்கும். கிளென்கெய்ர்ன் என்ற பெயரில் விற்பது அந்த வடிவம்தான். அது இல்லாவிட்டால் வாய் குறுகிய சின்னக் கண்ணாடிக் கிண்ணம் எதுவும் போதும்.

30 மில்லி ஊற்றி ஒரு சுழற்று சுழற்றுங்கள். கோப்பைச் சுவரில் மெல்லிய படலம் ஏறி, விளிம்பில் துளிகளாகத் திரண்டு, கண்ணீர்போல் வழியும். இது நல்ல விஸ்கிக்கு அடையாளம் என்று சொல்வார்கள், இல்லை. படலத்திலிருந்து ஆல்கஹால் முந்தி ஆவியாக, அங்கே தண்ணீரின் பங்கு கூடி மேற்பரப்பு இழுவிசை ஏறுகிறது. அந்த இழுப்பு கீழிருந்து திரவத்தை மேலே வாங்குகிறது. கனம் கூடியதும் துளி வழிகிறது. 1855-இல் பொறியாளர் ஜேம்ஸ் தாம்சன் இதை விளக்கிவிட்டார். ஆல்கஹால் எவ்வளவு என்பதைத்தான் கண்ணீர் சொல்லும், தரத்தை அல்ல.

மூக்கைக் கோப்பைக்குள் நுழைத்து இழுக்காதீர்கள். எத்தனால் ஆவி நரம்பை மரத்துப்போகச் செய்துவிடும். கோப்பையை மோவாய்க்கு அருகே பிடித்து, வாயைச் சற்றே திறந்து, மெல்ல மூச்சிழுத்தால் எரிச்சல் குறையும். ஒரே வாசனையில் மூக்கு விரைவில் சலித்துவிடும் என்பதால் இடையிடையே விலக்கி, சாதாரணக் காற்றை இழுத்துவிட்டுத் திரும்ப வர வேண்டும்.

இப்போது தண்ணீர். தண்ணீர் சேர்ப்பது பாவம் என்பார் ஒருவர். சேர்க்காவிட்டால் பாவம் என்பார் இன்னொருவர். 2017-இல் ஸ்வீடனின் லின்னேயஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்ல்சனும் ஃபிரிட்மனும் இந்தப் பஞ்சாயத்தைக் கணினியில் வைத்துப் பார்த்தார்கள். புகை வாசம் தரும் குவாயகால், தண்ணீர், எத்தனால் மூன்றின் மூலக்கூறுகளையும் கணினிக்குள் ஆடவிட்டார்கள். ஆல்கஹால் 59 சதவீதத்துக்கு மேல் இருந்தால் குவாயகாலை எத்தனால் சூழ்ந்து திரவத்துக்குள்ளேயே அமுக்கிவைத்தது. 45 சதவீதமும் அதற்குக் கீழும் எத்தனால் மேற்பரப்பில் கூடியது. குவாயகாலும் அதோடு மேலே வந்தது. மேற்பரப்புக்கு வந்தது மூக்குக்கு எட்டும். ஆக, பீப்பாயிலிருந்து அப்படியே நிரப்பிய 60 சதவீத விஸ்கிக்குத் தண்ணீர் அவசியம். 42.8-க்குச் சில சொட்டு போதும். டம்ளரை நிரப்பும் சோடா, மணத்தைத் திறக்காது; மூழ்கடிக்கும்.

தண்ணீர் விடும்போது கோப்பையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் சில விஸ்கிகள் லேசாக மங்குவது தெரியும். நீண்ட சங்கிலிக் கொழுப்பு அமிலங்களின் எஸ்டர்கள் தண்ணீரில் கரையாமல் திரள்வதே அந்த மங்கல். பார்ப்பவர் கெட்டுப்போனது என்று நினைத்துவிடுவார் என்று பயந்து பல ஆலைகள் விஸ்கியைக் குளிரவைத்து வடிகட்டி இதை நீக்கிவிடுகின்றன. நீங்குவதில் கொஞ்சம் மணமும் உண்டு. 46 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் பாட்டிலுக்குள் இந்த மங்கல் பெரும்பாலும் வராது. அதனால்தான் குளிர்வடிகட்டாத பாட்டில்களில் 46 என்ற எண்ணை அடிக்கடி காண்கிறோம்.

குடித்து முடித்த கோப்பையைக் கழுவாமல் இரவு அப்படியே விட்டுவிடுங்கள். காலையில் எத்தனால் முழுக்கப் போயிருக்கும். வாழையும் ரோஜாவும்கூடப் போயிருக்கும். எளிதில் ஆவியாகாத வெனிலினும் ஃபீனால்களும் லாக்டோனும் சுவரில் ஒட்டியிருக்கும். ஆல்கஹாலின் இரைச்சல் இல்லாமல் மரமும் புகையும் மட்டும் பேசும். பீப்பாய் என்ன கொடுத்தது என்று அறிய இதைவிடச் சுலபமான வழி இல்லை.

கண்ணைக் கட்டிவிட்டு மூக்கைக் கேளுங்கள்

இவ்வளவு சொன்ன பிறகு மூக்கின் எல்லையையும் சொல்லியாக வேண்டும். முதலாவது எல்லை உயிர் சம்பந்தப்பட்டது. மெத்தனாலை எத்தனாலிலிருந்து மூக்கால் நம்பிப் பிரிக்க முடியாது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டோரின் உயிரைக் குடித்தது மெத்தனால் கலந்த சாராயம். எவ்வளவு பழகிய மூக்கும் அங்கே உதவாது. எத்தனாலும் நிரபராதி அல்ல. மதுபானங்களைப் புற்றுநோய் உண்டாக்குபவை என்ற முதல் பிரிவில் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1988-லேயே வைத்துவிட்டது. மால்ட் என்பதால் கல்லீரல் சலுகை தராது.

இரண்டாவது எல்லை மூளை சம்பந்தப்பட்டது. 2001-இல் பிரான்சின் போர்தோவில் ஒயின் படிப்பு மாணவர்கள் 54 பேரிடம், மணமற்ற சாயம் கலந்து சிவப்பாக்கிய வெள்ளை ஒயினைக் கொடுத்தார்கள். சிவப்பு ஒயினுக்கு எழுதும் சொற்களையே அவர்கள் அதற்கும் எழுதினார்கள். 2008-இல் அமெரிக்காவில் ஒரே ஒயினை 10 டாலர் என்றும் 90 டாலர் என்றும் சொல்லிக் கொடுத்து மூளையைப் படம்பிடித்தபோது, 90 டாலர் என்று கேட்டவுடன் இன்பத்தைக் காட்டும் பகுதி கூடுதலாகத் துடித்தது. பொய் சொல்லவில்லை, உண்மையிலேயே அதிகம் ரசித்தார்கள், விலையை. விஸ்கியின் நிறத்தையும் இதே சந்தேகத்தோடு பாருங்கள். ஸ்காட்ச்சிலும் கருக்கிய சர்க்கரை நிறம் சேர்க்க அனுமதி உண்டு.

இதற்கு உணவு ஆய்வகங்கள் கையாளும் முக்கோணச் சோதனை நல்ல மருந்து. மலிவான பாட்டில் ஒன்று, அதைவிட இரு மடங்கு விலையில் ஒன்று. ஒரே மாதிரியான மூன்று கோப்பைகளில், இரண்டில் ஒரே விஸ்கி, மூன்றாவதில் மற்றது. எது எதில் என்று வீட்டில் ஒருவர் எழுதிவைத்துக்கொள்ளட்டும். நிறம் காட்டிக்கொடுக்காமல் இருக்கக் கண்ணைக் கட்டிக்கொள்ளுங்கள். பொருந்தாத கோப்பை எது என்று மூக்கால் சொல்ல வேண்டும். ஆறு சுற்று நடத்துங்கள். ஒவ்வொரு சுற்றிலும் கோப்பைகளின் வரிசை மாறட்டும். குருட்டாம்போக்கில் சொன்னாலும் மூன்றில் ஒரு முறை சரியாக வரும். ஆறில் இரண்டு எவருக்கும் வரும். ஆனால் ஆறில் ஐந்தோ ஆறோ சரியாக வருவதற்குத் தற்செயல் வாய்ப்பு 2 சதவீதத்துக்கும் குறைவு. அவ்வளவு வந்தால் வித்தியாசம் உங்கள் மூக்குக்குத் தெரிகிறது. அதன் பிறகு, எது பிடித்திருக்கிறது என்று விலை தெரியாமலே ஒரு முறை கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டுக்கோ மூன்றுக்கோ மேல் தேறவில்லையென்றால், மலிவான பாட்டிலே உங்களுக்குச் சரியான பாட்டில். இந்தச் சோதனை முழுவதற்கும் ஒரு சொட்டுகூடத் தொண்டையில் இறங்க வேண்டியதில்லை.